காளையை யாரும் சோதிக்கவில்லை

கிழக்குத் தாம்பரம்
18-12-1988

சௌபாக்கியவதி ஞானாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே நீ, மாப்பிள்ளை, சம்பந்தியம்மாள் மூவரும் சுகமாயிருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போது உன் அம்மா சொல்வதை நானும் பக்கத்தில் நின்று மனத்துக்குள் சொல்லிக்கொள்கிறேன். கடிதம் பள்ளிக்கூட விலாசத்துக்கு வந்திருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதே, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. வீட்டு விலாசத்துக்கு வழக்கம்போல் ஒரு இன்லண்ட் லெட்டரும் எழுதியிருக்கிறேன், இரண்டையும் ஒன்றாகத்தான் தபாலில் போடப்போகிறேன். அதில் மழை ஓய்ந்தது, அம்மாவின் முழங்கால், எதிர்வீட்டுக் கல்யாணம் எல்லாம் இருக்கிறது, அதை நீ எல்லோர் முன்னாலும் படிக்கலாம். இது உனக்கு மட்டும். பக்கத்தில் மற்ற ஆசிரியைகள் இருந்தால் மடித்து வைத்துவிட்டு அப்புறம் படி.

புதன்கிழமை வந்த உன் கடிதத்தை அம்மா வாசலிலேயே நின்று படித்தாள். தை பிறந்ததும் உன்னை அட்மிட் செய்து வயிற்றைத் திறந்து பார்த்துவிடலாம் என்று டாக்டரம்மாள் சொன்னதையும், சம்பந்தியம்மாள் அதற்கு நாளே பார்த்துவிட்டதையும், எனக்கும் அலுத்துப்போய்விட்டது, திறந்தாவது பார்க்கட்டும் அம்மா என்று நீ எழுதியிருந்த வரியையும் இரண்டு தரம் படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். நீங்களும் டாக்டர்தானே, ஏதாவது சொல்லுங்களேன் என்றாள். நான் மாட்டு டாக்டர் என்றேன். அதிலும் உயிரோடு இருக்கிற மாட்டைவிடச் செத்த மாட்டின் துண்டைக் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்த்தே காலம் தள்ளியவன் என்று நீயும் சொல்லிச் சிரிப்பாய். அம்மா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து இந்தக் கடிதத்தைத் தினமும் எழுத உட்காருகிறேன், எழுந்துவிடுகிறேன். ஒரு தகப்பன் தன் பெண்ணுக்கு எழுதக்கூடிய விஷயம்தானா என்று தெரியவில்லை. ஆனால் அந்த ஆபரேஷனுக்கு நீ சம்மதக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இது உன் காதில் விழுந்தாக வேண்டும். எனக்கு எதையும் நேராகச் சொல்ல வராது என்பது உனக்குத் தெரியும். அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன், மாட்டுக் கதையாயிருக்கிறதே என்று பக்கத்தைத் தள்ளாமல் படி.

நமக்குப் பால் ஊற்றும் துளசிங்கத்தை உனக்குத் தெரியும். ஏரிக்கரைப் பக்கம் பழைய ஊர்க்காரன், வயலெல்லாம் காலனி மனைகளாய்ப் போன பிறகு மாடுகளை வைத்துப் பிழைப்பவன். போன கோடையில் ஒருநாள் பால் ஊற்றிவிட்டுப் போகாமல் கேட்டருகில் நின்றான். சார், எம் மாட்டுக்கு இன்னாமோ ஆயிப்பூட்சு சார், பருவத்துக்கு வருது, காளைக்கு வுடறேன், கொஞ்ச நாள்ல மறுபடியும் கத்துது, ஒண்ணுகூட செனை நிக்க மாட்டேங்குது, நீங்க ஒருவாட்டி வந்து பாருங்க சார் என்றான். எனக்குத் தயக்கம்தான். ரிடையர் ஆனவன், கை நடுக்கம் வேறு. இருந்தாலும் போனேன். முறைப்படிதான் செய்தேன். தீவனம் பார்த்தேன், சாணம் பார்த்தேன், ரத்தம் எடுத்துக் சினை கலைந்து கன்று வீசும் நோய் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். ஏரித் தண்ணீரில் தோல் பதனிடும் குரோமியம் கலந்திருக்குமோ என்று குரோம்பேட்டைப் பெயரை நினைத்து எனக்கு நானே பயந்து தண்ணீரையும் பாட்டிலில் பிடித்து அனுப்பினேன், அதில் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு பசுவையும் கம்பத்தில் கட்டி, தோள்வரை கையை விட்டுக் கருப்பையைத் தடவிப் பார்த்து, மருந்து விட்டுக் கழுவி, ஊசி போடுவேன், அவை கதறும், துளசிங்கத்தின் மனைவி கங்கையம்மாள் அதுகளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தானும் கண் கலங்குவாள். கருப்பை சுத்தமாக இருந்தது. நான் குறை தேடிக்கொண்டே இருந்தேன்.

அவன் வீட்டில் மட்டும் இல்லை. ஏரிக்கரையில் இந்த வருஷம் யார் வீட்டிலும் கன்று இல்லை. ஆளாளுக்குத் தங்கள் மாட்டையே திட்டினார்கள், மலட்டு மாடு என்று தரகனுக்குத் தள்ளிவிட்டார்கள். துளசிங்கமும் ஒரு செவலைப் பசுவை அப்படித் தள்ளினான். அது அடிமாட்டு லாரியில் போயிருக்க வேண்டியது. வழியில் செம்பாக்கத்து எலியேசர் என்ற பால்காரர் அதன் மடியைப் பார்த்து இரக்கப்பட்டு வாங்கிக்கொண்டாராம். ஆடி மாதம் ஒருநாள் நான் துளசிங்கத்தின் கொட்டிலில் இருக்கும்போதே அந்த எலியேசர் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். இன்னாபா துளசிங்கம், மலடுன்னு வித்தியே, உன் செவலை எங்க வூட்ல செனையா கீது, மாட்டாஸ்பத்திரி ஊசி ஒண்ணுதான் போட்டேன், கப்புனு புடிச்சிக்கிச்சு, கன்னு போட்டா உன் பேரயே வக்கட்டுமா என்றார். துளசிங்கம் போய்யா, பேஜார் பண்ணாத என்று சிரித்துச் சமாளித்தான், ஆனால் முகம் சுருங்கிவிட்டது. நான் தீவன வாளியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். பசு அதே பசு. மாறியது ஒன்றே ஒன்று. இங்கே அது காளைக்குப் போனது, அங்கே வேறு காளையின் வித்தைச் செலுத்தும் சினை ஊசி.

காளை என்றால் அது கோயில் காளை. எல்லையம்மனுக்கு நேர்ந்துவிட்டது, கொம்பில் மஞ்சள் துணியும் கழுத்தில் மணியுமாக ஜி.எஸ்.டி. ரோடு வரைக்கும் அதன் ராஜ்யம்தான், பஸ்காரனே ஒதுங்கிப் போவான். ஏரிக்கரையில் பிறந்த கன்றுகளில் பாதி அதன் நெற்றிச் சுழியோடுதான் இருக்கும். ஊரில் யாருக்கும் அதன் மேல் சந்தேகம் வராது, எனக்கும் வரவில்லை. கோயில் தர்மகர்த்தா ஜெயவேலுவின் தகப்பனார் நேர்ந்துவிட்ட மாடு அது, அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் ஜெயவேலு வெளியே கிளம்புவார். அதே ஜெயவேலுவின் மனை ஒன்று ஏரிக்கரைக்குப் பின்னால் இருக்கிறது. போன வருஷத்திலிருந்து அதில் கொட்டகை போட்டுப் பழைய லாரி பேட்டரிகளை உடைத்து உள்ளிருக்கும் காரீயத்தை உருக்கிக் கட்டியாக்குகிறார்கள். எலியேசர் வந்துபோன மறுநாள் நான் குடையை எடுத்துக்கொண்டு காளையின் பின்னாலேயே நடந்தேன். காலனிக்காரர்கள் சாருக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள். அது நேரே அந்தக் கொட்டகைக்குப் போயிற்று. உலைச் சாம்பல் கதகதப்பாக இருக்கும் இடத்தில் படுத்தது. படுத்தபடியே கழுத்தை நீட்டி, உடைந்த பேட்டரித் தகடுகளில் பூத்திருந்த வெள்ளைப் பொடியை, உப்புக்கட்டியை நக்குவதுபோல, கண்ணை மூடிக்கொண்டு நக்கிற்று. அங்கே வேலை செய்கிறவர்களைக் கேட்டேன். தெனமும் வரும் சார், அம்மனே வந்து நம்ம கடையில குந்துன மாதிரி, அத போய் வெரட்டுவாங்களா என்றார்கள். பாத்திரத்துக்குப் பூசும் ஈயம் வேறு, இந்தக் காரீயம் வேறு, அதை நீ தெரிந்துகொள். இது உடம்பில் சேர்ந்தால் நரம்பையும் குடலையும் மட்டும் கெடுப்பதில்லை. காளையின் விதையில் வித்து உண்டாகும் இடத்தையே வாடவைத்துவிடும். கல்லூரியில் ஆட்டுக்கடாக்களின் விதைத் துண்டுகளில் அதைப் பார்த்திருக்கிறேன், விளக்கணைந்த வீடு மாதிரி வரிசை வரிசையாக வெறும் அறைகள் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் கடா கம்பீரமாகத்தான் நிற்கும்.

எண்ணிப் பார்த்தது போதாது, கண்ணால் பார்க்க வேண்டும் அல்லவா. கோயில் காளையிடம் போய் யார் வித்து எடுப்பது. ஒரு வழி தோன்றியது. துளசிங்கத்தின் பசு பருவத்துக்கு வந்த அன்று, காளை ஏறி இறங்கிய உடனே பசுவிடமிருந்து ஒரு கண்ணாடிக் குழாயால் கொஞ்சம் எடுத்தேன். மாட்டாஸ்பத்திரியில் ஊசி போடும் ஏசுதாசன் நல்ல பையன், அவன் ஒத்துப் பார்க்கத் சினை ஊசிக்கு வைத்திருக்கும் வித்தில் ஒரு குழல் கொண்டுவந்தான். நம் சாப்பாட்டு மேஜையில் என் பழைய மைக்ராஸ்கோப்பை வைத்துப் பார்த்தோம். உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, சோறு திங்கற எடத்துல இதையெல்லாம் வெக்கறீங்களே என்று அன்றைக்கு முழுக்கத் தரையில்தான் இலை போட்டாள். ஏசுதாசன் கொண்டுவந்தது ஏரியில் தலைப்பிரட்டைகள் மாதிரி நெளிந்தது. காளையினுடையதில் அங்கங்கே சில மட்டும் இருந்தன, வால் ஒடிந்து, தலை சூம்பி, அசைவில்லாமல். ஏசுதாசன் சிலுவை போட்டுக்கொண்டான். நான் அப்போதும் நம்பவில்லை, என் கண் மங்கல், எடுத்த முறையில் பிசகு இருக்கலாம் என்று. அவன் காளைக்கு வாழைப்பழம் கொடுத்து ஏமாற்றி எடுத்துத் தந்த ரத்தத்தைப் பட்டணத்தில் லேபரட்டரி வைத்திருக்கும் என் பழைய மாணவி ரத்தினபாயிடம் கொண்டுபோனேன். முடிவு வந்த அன்று அவள் கேட்ட முதல் கேள்வி, சார், இந்தக் காளை இன்னும் எழுந்து நிக்குதா என்பதுதான். அவ்வளவு காரீயம். அப்புறம் சிரித்துக்கொண்டே, நீங்க அறிக்கை எழுதினா கடைசி வரியில மறுபரிசோதனைக்கு உட்பட்டதுன்னு போட்டுத் தப்பிச்சுக்குவீங்களே, இதுல போடாதீங்க சார் என்றாள். நான் வீட்டுக்கு வந்து அறிக்கை எழுதி, கடைசி வரியில் மறுபரிசோதனைக்கு உட்பட்டது என்றுதான் எழுதினேன்.

காளையில்தான் குறை என்று நான் சொன்னதைத் துளசிங்கமும் கங்கையம்மாளும் நம்பவில்லை. ஆவணியில் துளசிங்கம் மிச்சமிருந்த மாடுகளையும் தள்ளிவிடத் தீர்மானித்துவிட்டான், லாரி பேசியாயிற்று. அது வருவதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஊர்க்கூட்டம். எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை, வகுப்பிலேயே கரும்பலகையைப் பார்த்துப் பேசியவன். போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். கங்கையம்மாள் அழுது வீங்கிய கண்ணோடு வந்து பாலை ஊற்றிவிட்டுப் போனாள், அதனால் போனேன். எழுந்து நின்று கையில் இருந்த காகிதத்தைப் பார்த்து வாசித்தேன், மாடுகளில் குறையில்லை, காளையில்தான் இருக்கிறது, காரணம் பேட்டரிக் கொட்டகையின் காரீயமாக இருக்கலாம் என்று. ஜெயவேலு மெல்ல எழுந்தார். இன்னா சார், அம்மன் காளைய ஆம்பள இல்லன்றீங்களா என்றார். பின்னாலிருந்து யாரோ, சாரு காளைக்கு மாமியாரு மாதிரி பேசறாருடா என்றான், எல்லோரும் சிரித்தார்கள். ஜெயவேலு விடவில்லை, இருக்கலாம்னா இன்னா அர்த்தம் சார், நிச்சயமா தெரியுமா தெரியாதா, படிச்சவங்க நீங்க, அடிச்சுச் சொல்லுங்க என்றார். நான் வழக்கம்போல, மறுபரிசோதனைக்கு உட்பட்டது என்றேன். அவ்வளவுதான், சிரிப்பு கோபுரத்துக்கு ஏறிவிட்டது. அப்போதுதான் அவர் அந்த வார்த்தையைச் சொன்னார். சாருக்கு ஒரே பொண்ணு, அதுக்கே வயித்துல ஒண்ணும் தங்கலயாம், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலையுதாம், மொதல்ல அத பாருங்க சார், அப்பால ஊர் மாட்டுக்கு வருவீங்களாம்.

ஞானா, இதை உனக்கு எழுதலாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். நான் காகிதத்தை மடிக்காமல் நின்றபடியே இருந்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து கங்கையம்மாள் எழுந்தாள். அவளுக்கும் காளையைச் சொன்னதில் என் மேல் கோபம்தான், முந்தின வாரம் பூரா என்னோடு பேசவில்லை. தே, ஜெயவேலண்ணா, அவர் பொண்ண ஏன் இழுக்கற என்று ஆரம்பித்தாள். எம் மாடுங்கள கம்பத்துல கட்டி கைய வுட்டாங்க, மருந்த வுட்டாங்க, ஊசிய குத்துனாங்க, நாந்தான் கழுத்த புடிச்சிகினு நின்னேன், ஒவ்வொண்ணும் அம்மா அம்மான்னு கத்திச்சு. அத்தினியும் செஞ்சீங்களே, காளை கிட்ட யாராச்சும் ஒரு ஆளு போனீங்களா, அதுக்கு மாலைய போட்டு கும்புட்டுகினு கீறீங்க, அதையும் ஒருவாட்டி பாத்தா அம்மன் இன்னா கோச்சிக்குவாளா, அவளும் பொம்பளதான என்றாள். ஜெயவேலு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். சரி, கொஞ்ச நாள் காளைய மண்ணிவாக்கத்துல என் தோட்டத்துல கட்டறேன், மாடுங்களுக்கு ஊசி போட்டுப் பாருங்க, ஒண்ணும் ஆவலன்னா சார் வந்து அம்மன் கால்ல வுழணும் என்றார். நான் தலையாட்டினேன். மறுநாள் வந்த லாரியைத் திருப்பி அனுப்பினார்கள். அவள் எனக்காகப் பேசவில்லை, தன் மாட்டுக்காகத்தான் பேசினாள். ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது ஜெயவேலு சொன்னதும் அவள் சொன்னதும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வந்து நின்றுவிட்டன. உனக்கு இரண்டு தரம் கருப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். கருக்குழாயில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள், அன்று ரயிலடியில் நீ நடக்க முடியாமல் அம்மா தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாய். ஒவ்வொரு தரமும் ஒன்றும் குறையில்லை என்றே எழுதினார்கள், குறையில்லை என்பதால் மறுபடி தேடினார்கள்.

தீபாவளிக்கு நீங்கள் வந்தபோது நான் மாப்பிள்ளையைப் பார்த்த விதம் வேறு. அவருக்குத் தெரிந்திருக்காது. பேட்டரித் தொழிற்சாலையில் தகடு வார்க்கும் பிரிவுக்கே தன்னைப் பொறுப்பாளராக்கிவிட்டார்கள் என்று சந்தோஷமாகச் சொன்னார். உருக்கிய காரீயம் கொதிக்கிற இடம், மூக்கில் கர்ச்சீப்தான் கட்டிக்கொள்வோம், கேன்டீன் தூரம் என்பதால் சாப்பாட்டை அங்கேயே பிரித்துவிடுவோம் மாமா என்றார். அம்மா செய்த லட்டை வாயில் போட்டுவிட்டு, எதைச் சாப்பிட்டாலும் இரும்பை நக்கின மாதிரி இருக்கு மாமா, அத்தை கிட்ட சொல்லிடாதீங்க என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். வயிற்றைப் பிசைகிறது என்று ஒருநாள் முழுக்கப் படுத்திருந்தார். ஊருக்குக் கிளம்பும்போது கைக்கடிகாரத்தின் வாரை மாட்ட முடியாமல் விரல் தடுமாறிற்று, நீதான் மாட்டிவிட்டாய், நினைவிருக்கிறதா. நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. மாடு வேறு மனிதன் வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதலில் துளசிங்கத்தின் மாடுகள் சினை நிற்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றிருந்தேன். முந்தாநாள் ஏசுதாசன் கை விட்டுப் பார்த்தான். ஊசி போட்ட மூன்றில் இரண்டு சினை. மூன்றாவதற்கு இன்னொரு ஊசி போட வேண்டும். துளசிங்கம் அன்று பாலை அளக்காமல் பாத்திரம் வழிய ஊற்றிவிட்டுப் போனான். அம்மன் காலில் விழ வேண்டாம் என்று ஜெயவேலு ஆளனுப்பினார், கொட்டகையைச் சுற்றி வேலி போடுவதாகவும் சொல்லியனுப்பியிருக்கிறார், போடுகிறாரா பார்க்க வேண்டும். அந்தச் சந்தோஷத்தை அனுபவிக்க முடியாமல் உன் கடிதம் மேஜை மேல் இருக்கிறது.

அதனால் எழுதிவிடுகிறேன். ஆபரேஷனுக்கு முன்னால் மாப்பிள்ளைக்கு விந்துப் பரிசோதனை ஒன்றும், ரத்தத்தில் காரீயம் எவ்வளவு என்று ஒரு பரிசோதனையும் செய்தாக வேண்டும். இந்த வார்த்தையை உனக்கு எழுதும்போது என் காது சுடுகிறது, மன்னித்துக்கொள். இதில் அவருக்கு அவமானம் ஒன்றுமே இல்லை. அந்தக் காளை எத்தனையோ கன்றுகளுக்குத் தகப்பன், அதன் வீரியத்தில் பிசகில்லை, அது படுத்த இடத்தில்தான் பிசகு. இன்னொன்றும் சொல்கிறேன், இதுதான் முக்கியம். வித்து ஒரே நாளில் உண்டாவதில்லை, இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். விஷம் சேரும் இடத்திலிருந்து விலகினால் பழையபடி திரும்பவும் கூடும். மண்ணிவாக்கத்துக் காளை இப்போது பச்சைப்புல் தின்று, காரீயத்தால் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்ததை நிறுத்தியிருக்கிறது, அது தேறுமா என்று எனக்குத் தெரியாது, பொங்கல் கழித்து ஒருதரம் பார்ப்பதாக இருக்கிறோம். மாப்பிள்ளைக்கு அப்படி இருந்தால் வேறு பிரிவுக்கு மாற்றிக் கேட்கலாம், அதற்குரிய மருத்துவமும் இருக்கிறது. சோதனையில் அவருக்கு ஒன்றும் இல்லை என்று வந்தால் நான் நினைத்தது தப்பு, நானே சம்பந்தியம்மாளிடம் மன்னிப்புக் கேட்கிறேன், அப்புறம் டாக்டரம்மாள் சொல்வதைக் கேட்போம். அதுவரை சில சின்ன விஷயங்கள். அவருடைய தொழிற்சாலை உடுப்பை உன் புடவைகளோடு ஊறவைக்காதே, தனி வாளியில் போடு, உதறாதே. வந்ததும் குளித்துவிட்டுத்தான் சாப்பாட்டில் கை வைக்க வேண்டும் என்று சொல். மதியச் சாப்பாட்டை அந்தக் கூடத்துக்கு வெளியே மரத்தடியிலாவது சாப்பிடச் சொல். பாலும் கீரையும் கூடச் சேர். காரணம் கேட்டால் அப்பாவுக்கு எல்லாவற்றிலும் பயம் என்று சொல்லிவிடு, நம்புவார்.

பரிசோதனைப் பேச்சை நீ எடுக்காதே. அவரிடமும் எடுக்க வேண்டாம், சம்பந்தியம்மாளிடம் எடுக்கவே வேண்டாம். நீ சொன்னால் அது சண்டையாகும், உன் மேல்தான் திரும்பும். அவருக்குத் தனியாகக் கடிதம் எழுதலாம் என்று பார்த்தேன், எப்படி எழுதினாலும் குற்றப்பத்திரிகை மாதிரி வருகிறது. அதனால் நான் நேரில் வருகிறேன். அடுத்த மாதம் ஆறாம் தேதி கிராண்ட் டிரங்க் ரயிலில் இடம் கிடைத்திருக்கிறது. பொங்கல் வரிசை கொடுக்க வருவதாக இன்லண்டில் எழுதியிருக்கிறேன், உன் அம்மாவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வெண்கலப் பானையைத் துலக்கி வைத்திருக்கிறாள், மஞ்சள் கொத்து வழியில் வாடிவிடுமே என்று கவலைப்படுகிறாள். வழக்கமாக வரிசை கொண்டுவரும் தகப்பன் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவான், நான் இந்த முறை இருக்கிற வரை இருக்கப்போகிறேன். மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு காலாற நடந்துவரப் போகிறோம் என்று சொல்லிவிட்டு வெளியே போய், ஏதாவது ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, முதலில் காளைக் கதையைச் சொல்வேன். எப்படியும் அதில்தான் ஆரம்பிக்க வரும் எனக்கு. அவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். என்னோடு பேசாமல் போனாலும் போகட்டும். கோயிலில் அத்தனை பேர் சிரித்தும் நான் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன், ஒரு மாப்பிள்ளையின் கோபத்தைத் தாங்க மாட்டேனா. அவர் சம்மதித்தால் லேபரட்டரிக்கு நானே கூடப் போவேன், வெளியில் அவரைத் தனியாக உட்காரவைக்க மாட்டேன்.

நீ ஒன்றே ஒன்று செய்தால் போதும். நான் வரும்வரை அந்தச் சம்மதக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதே. யார் நீட்டினாலும், எவ்வளவு அன்பாகச் சொன்னாலும், உனக்கே அலுத்துப்போய்ப் போட்டுவிடலாம் என்று தோன்றினாலும் போடாதே. அப்பா வருகிறார், அவரைக் கேட்க வேண்டும் என்று சொல். இத்தனை நாள் அப்படிச் சொல்ல உனக்கு நான் இடம் கொடுத்ததில்லை, இனிமேல் சொல்லு. இதைப் படித்ததும் கிழித்துவிடு. ராத்திரி குளிரில் மொட்டைமாடியில் நிற்காதே, காதுக்குத் துணி கட்டிக்கொள்.

நீயும் மாப்பிள்ளையும் மனம் குளிர, உடம்பு தெளிந்து, நீண்ட நாள் சேர்ந்து வாழ வேண்டும் என்று உங்கள் இருவர் தலையிலும் கை வைத்து ஆசீர்வதிக்கிறேன். இதை எழுதி முடித்ததும் பழக்கத்தில் கை மறுபரிசோதனைக்கு உட்பட்டது என்ற அந்தக் கடைசி வரிக்குப் போயிற்று. என் நினைப்பு மாப்பிள்ளை விஷயத்தில் சரியோ தப்போ, அது எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் இருவரில் ஒருத்தியை மட்டும் திரும்பத் திரும்பச் சோதித்தது பாதிச் சோதனைதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதனால் அந்த வரியை எழுதாமல் கையெழுத்துப் போடுகிறேன்.

உன் அப்பா,
சாம்பசிவன்